பிளான் பெரியப்பா

சீசன் நாளில் ஊட்டி மலைப்பாதையில் இருக்கும் பர்லியார் டீக்கடை வாசலில் சற்று நின்றால் அவரைப் பார்த்துவிடலாம். வேனிலிருந்து இறங்கிய கும்பல் டீக்கும் பஜ்ஜிக்கும் பாயும்போது, ஒருவர் மட்டும் கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்பார். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் இருக்கும். அவர்தான் பிளான் பெரியப்பா. குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. இரண்டு பேர் இருக்கும் குடும்பம் ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

சென்னையிலிருந்து கோழிக்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்குப் போவதற்கு மலையே விலகி வழிவிட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். 1862-லேயே சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் விட்ட வெள்ளைக்காரன் அந்த வழியாகத்தான் போனான். இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. ஆனால் ரயில் பெரியப்பாவுக்கு ஆகாது. அதற்கு அட்டவணை போட ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

"தனி வேன் பேசிடுவோம். போற வழியில ஊட்டியையும் பாத்தாப்ல ஆச்சு" என்பார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் அவருக்குப் போகிற வழி.

அவருடைய ஆட்டம் வாடகை பேசுவதில்தான் களைகட்டும். கிலோமீட்டர் ரேட், டிரைவர் பேட்டா, மலைப்படி, டோல், கேரள பர்மிட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே உரித்துப் பார்ப்பார்.

"ஏம்ப்பா, எங்கள இறக்கிவிட்டுட்டு வண்டி காலியாத்தானே திரும்பப் போகுது? காலி வண்டிக்கு எதுக்குக் காசு?"

"காலி வண்டியும் டீசல்தாங்க சார் குடிக்கும்."

நூற்றைம்பது ரூபாய் குறைத்ததை அடுத்த மூன்று வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்தது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். மறு வருஷக் கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 என்று வரம்பும் வந்தது. மற்றவர்களுக்கு இது தொல்லை. பெரியப்பாவுக்கோ இன்னொரு படிவம் நிரப்பக் கிடைத்த பாக்கியம். பாஸை நான்கு பிரதி எடுத்து நான்கு பைகளில் வைப்பார். 'வண்டி கவிழ்ந்தாலும் ஒண்ணு மிஞ்சும்' என்ற அவருடைய விளக்கத்தைக் கேட்டு யாருக்கும் பயம் தெளிந்ததில்லை.

தாளைப் பிரித்தால் இப்படி இருக்கும்: கல்லாறு முதல் குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகள் 14, வளைவுக்கு ஒன்றரை நிமிஷம், ஆக 21 நிமிஷம். ஊட்டி தாவரவியல் பூங்கா 55 ஏக்கர், 20 நிமிஷம். நிமிஷத்துக்கு இரண்டே முக்கால் ஏக்கர் வீதம் நடந்தால் போதும். ஏரி, வண்டியிலிருந்தே. பைக்காரா, நடுவட்டம், கூடலூர், நாடுகாணி எல்லாம் சேர்த்து ஒரே வரி. அந்தக் காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே கோடைக்குக் கோப்பும் குமாஸ்தாவுமாக ஊட்டிக்கு மலையேறியது. அந்த மூட்டைமுடிச்சுக்குக் கணக்குப் போட்டவர் இவருடைய வம்சத்து மூதாதையாகத்தான் இருக்க வேண்டும்.

மலைக்கு இந்தத் தாளைப் படித்துக் காட்ட ஆள் இல்லை. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்குக்குத் தடை. பெரியப்பா மலிவாகக் கிடைத்ததென்று பெட்டியோடு வாங்கி வந்த தண்ணீர் பாட்டில்கள் முதலில் போகும். கூடவே அத்தை முன்யோசனையாக எடுத்து வந்த கேரி பேக்குகளும் போகும். அவை எதற்கு என்பது நான்காவது வளைவில் எல்லோருக்கும் விளங்கும். பெரியப்பாவின் அட்டவணையில் வாந்திக்கு நேரம் ஒதுக்கவில்லை. அத்தைக்கோ அவருடைய அனுமதிக்குக் காத்திருக்க நேரமில்லை. வண்டியைக் கழுவ அரைமணி.

காட்டேரி பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு காட்டெருமை இறங்கி வந்து நடு ரோட்டில் நிற்கும். எங்கள் ஊர்க்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வேறு கதை பேசுவார்கள். பெரியப்பா ஹாரன் பக்கம் கையை நீட்டுவார். டிரைவர் அந்தக் கையைப் பிடித்து அவர் மடியிலேயே வைப்பார்.

"எவ்வளவு நேரம்ப்பா நிக்கும்?"

"அது சொல்லலைங்க சார்."

ஊட்டி சேரிங்கிராஸில் வண்டி நகராமல் நிற்கும்போது பேரப்பிள்ளைகள் வர்க்கி தின்றுகொண்டே பாட்டுப் பாடத் தொடங்குவார்கள். அத்தைக்கும் தெம்பு வந்துவிடும். மேகம் ஜன்னல்வரை வந்து எட்டிப் பார்க்கும். பெரியப்பா குனிந்து தாளில் 8.10-ஐ அடித்து 11.35 என்று எழுதிக்கொண்டிருப்பார். பூங்காவை வெட்டுவார், சாப்பாட்டைக் கூடலூருக்குத் தள்ளுவார். நாடுகாணிச் சுரத்தில் இறங்கும்போது எழுத இடமில்லாமல் தாளைத் திருப்புவார். பின்பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சாகியிருக்கும்.

கோழிக்கோட்டில் பெண் வீட்டார் வாசலுக்கே வந்து வரவேற்பார்கள். "ஊட்டி வழியாவா வந்தீங்க! எப்படி இருந்துச்சு ஊட்டி?"

"மூணே முக்கால் மணி நேரம் லேட்டுங்க" என்பார்.