பனிக்குள்ளை கொதிச்ச வண்டி

சட்பரி, ஒன்ராறியோ
தை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

"கனடாவிலை அப்பிடி என்னடா வேலை, கடிதம் போட நேரமில்லாமல்?" எண்டு கேட்டிருந்தனீங்கள். சொன்னால் சிரிப்பியள். உங்கடை சுன்னாகம் கராஜிலை கிறீஸ் கையோடை நிக்க வெக்கப்பட்டு ஓடின மருமகன், இப்ப சைபருக்குக் கீழை 26 பாகையிலை, கார்க் கொட்டிலுக்குள்ளை கம்பளித் தொப்பியோடை குந்தியிருந்து எஞ்சின் ஹெட் கழட்டுறன்.

பக்கத்து வீட்டிலை ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர். நிக்கல் சுரங்கத்திலை வேலை செய்து இளைப்பாறினவர். 1980ஆம் ஆண்டு ஸ்னோமொபைல் ஒண்டைக் காட்டி, "கொண்டு போ, காசு வேண்டாம்" எண்டார். எனக்கும் அதுக்கும் ஒரே வயது. தானமாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது எண்டு நானும் பாக்கேல்லை. வீட்டை கொண்டுவந்த பிறகுதான் தெரிஞ்சது, பல்லோடை சேர்ந்து முரசும் ஆடுது.

ஸ்னோமொபைல் எண்டால் முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்குச் சில்லுக்குப் பதிலா அகலமான றப்பர் பட்டி. கியூபெக்கிலை வல்கூர் எண்ட ஊரிலை இருந்த பொம்பார்டியே எண்ட மெக்கானிக் 1934இலை தன்ரை சின்ன மகனைப் பறிகுடுத்தவர். பனி மூடின றோட்டாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அவற்றை கொம்பனிதான் 1959இலை ஸ்கீ-டூ எண்ட சின்ன வண்டியைச் சந்தைக்கு விட்டது. நாய் இழுக்கிற வண்டிக்குப் பதில் எண்டு "ஸ்கீ-டோக்" எண்டுதான் பேர் வைக்க இருந்ததாம். அச்சுப்பிழையாலை "டூ" ஆகிப்போச்சு எண்டு சொல்லுவினம். என்ரை வண்டி வேறை கொம்பனி. ஆனால் குணத்திலை நாய்தான்: நான் கூப்பிட்டால் வராது, கிழவர் கூப்பிட்டால் வரும்.

440 சீசீ, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணியாலை குளிராக்கிற எஞ்சின். றேடியேற்றரைத் தேடித் தேடிப் பாத்தன், இல்லை மாமா! இருக்கைக்குக் கீழை அலுமினியத் தட்டுகளுக்குள்ளாலை தண்ணி ஓடுது. பட்டி சுழலேக்கை பனியை அள்ளி அந்தத் தட்டிலை அடிக்க, தண்ணி ஆறும். பனி இருந்தால்தான் ஆறும். இந்த நுணுக்கம் தெரியாமல் றாம்சி ஏரியிலை, காத்துப் பனியைக் கூட்டித் தள்ளி வெறும் ஐஸ் தெரிஞ்ச பக்கமா ஓட்டினன். என்ரை மூக்கு விறைச்சுப் போச்சு. எஞ்சின் கொதிச்சுப் போச்சு. எல்லாரும் கணப்புக்கு முன்னாலை நடுங்கிற நாட்டிலை, ஒரு வண்டியைக் கொதிக்க வைச்ச ஒரே சீவன் உங்கடை மருமகன்தான்.

அதுக்குப் பிறகு கூலன்ற் குறையத் தொடங்கீட்டுது. கூலன்ற் போத்திலுக்குள்ளை குமிழி. புகைக்குழாயாலை வெள்ளைப் புகை, அதிலை ஒரு இனிப்பு மணம். கிளைக்கோல் அப்பிடித்தான் இனிக்கும். நாய் பூனை நக்கினால் செத்துப்போகும் எண்டு மனிசி ஒரு சொட்டும் நிலத்திலை விட விடேல்லை.

ஹெட்டைக் கழட்டினால் கள்ளன் கையும் களவுமாய். ஒரு பிஸ்டன்ரை தலை தோசைக்கல்லு மாதிரிக் கறுப்பு. மற்றது சாம்பல் போட்டு மினுக்கின குத்துவிளக்கு மாதிரிப் பளபளப்பு! ஹெட் காஸ்கெற்றாலை தண்ணி கசிஞ்சு, ஆவியாகி, கரி முழுக்கக் கழுவிப்போட்டுது. எங்கடை வீட்டிலை மினுக்கம் இருந்தால் வாழ்த்துவினம். எஞ்சினுக்குள்ளை மினுக்கம் இருந்தால் வைத்தியம் பாக்கோணும்.

ஊரிலை சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் நீங்கள் அட்டையை வைச்சு, சுத்தியலாலை தட்டித் தட்டி காபரேற்றர் காஸ்கெற் வெட்டினது நினைவு வந்துது. ஒரு மூடி பெற்றோலிலை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயிலை மோட்டசைக்கிள் ஓட்டின காலம். ஆனால் ஹெட் காஸ்கெற்றோடை அந்த விளையாட்டுச் சரிவராது. ஒரு பக்கம் நெருப்பு, மற்றப் பக்கம் தண்ணி. நடுவிலை மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையிலை நிக்கிற பிள்ளை மாதிரி அது ஒண்டுதான். புதுசுக்குச் சொல்லி இரண்டு கிழமை காத்திருந்தன்.

வந்த அண்டைக்கே ஆசையிலை மாட்டி, நட்டுகளை ஒரு பக்கத்தாலை வரிசையா, பல்லைக் கடிச்சு இறுக்கினன். அடுத்த நாள் பழைய புகை, பழைய மணம். காஸ்கெற்றும் போச்சு, காசும் போச்சு.

அப்பதான் மண்டையிலை வலிச்சது. 1994இலை நீங்கள் குட்டின அதே இடம். "எஞ்சின்ரை தலையும் மனிசன்ரை தலையும் ஒண்டுதான்ரா, ஒரு பக்கம் அமத்தினால் மற்றப் பக்கம் கிளம்பும்" எண்டு சொல்லித்தானே குட்டினனீங்கள்?

இரண்டாந்தரம் அவசரப்படேல்லை. ஹெட்டுக்கு மேலை நேர்விளிம்பை வைச்சு ரோச் அடிச்சால் நடுவிலை வெளிச்சம் தெரிஞ்சுது: கொதிச்சதிலை ஹெட் வளைஞ்சிருக்கு. தட்டைக் கண்ணாடி வேணும். விருந்தினர் மேசையின்ரை கண்ணாடியைத் தூக்கினன். அதிலை 400ஆம் நம்பர் தண்ணி உரைதாளை விரிச்சு, ஹெட்டைக் கவிட்டு, எட்டுப் போட்டுப் போட்டு மெல்லத் தேய்ச்சன். எட்டு, திருப்பி எட்டு. முதல் ஓரம் மட்டும் வெளுத்துது, பிறகு நடு. முகம் முழுக்க ஒரே நிறமா மங்கலாக வர ஒரு பின்னேரம் போச்சு. பிறகு நல்லாக் கழுவித் துடைச்சு, புதுக் காஸ்கெற் போட்டு, நடுவிலை தொடங்கி எதிர் எதிரா, மூண்டு சுற்றிலை, டோர்க் றெஞ்ச் "டிக்" எண்டு சொல்லுமட்டும் நட்டுகளை இறுக்கினன். காத்து அடைபடாமல் கூலன்ற் விட்டு, ஒருக்காச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, திரும்ப இறுக்கிப் பாத்தால் இரண்டு நட்டு கொஞ்சம் இடம் குடுத்துது.

இப்ப ஒரு கிழமையா ஒரு சொட்டும் குறையேல்லை. கிழவர் வந்து குனிஞ்சு பாத்தார், புகையை மணந்தார். "எந்தக் கொலிச்சிலை படிச்சனீ?" எண்டு கேட்டார். "சுன்னாகம்" எண்டன். நல்ல கொலிச்சாம். பேர் கேள்விப்பட்டிருக்கிறாராம்!

இப்படிக்கு,
குட்டு வாங்கின மருமகன்

பி.கு: மேசைக் கண்ணாடியிலை எட்டு எட்டாக் கீறல் விழுந்திட்டுது. அது யாழ்ப்பாணத்துக் கோலம் எண்டு விருந்தினருக்குச் சொல்லியிருக்கிறன். மனிசி எழுதிக் கேட்டால் நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ.