போதிதர்மனுக்கு விசில், மணிமேகலைக்குப் பூட்டு

சினிமாவில் புத்தராக நடிப்பதைவிடச் சுலபமான வேலை கிடையாது. கண்ணை முக்கால்வாசி மூடிக்கொள்ள வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும், பின்னணியில் ஒரு புல்லாங்குழல் விடாமல் அழ வேண்டும். இந்தத் தகுதிகளோடு 1993இல் கியானு ரீவ்ஸ் கபிலவஸ்துவுக்கு இளவரசரானார். பெர்னார்தோ பெர்த்தொலூச்சியின் 'லிட்டில் புத்தா'வில், இறந்துபோன லாமாவின் மறுபிறவியைத் தேடி வருகிற துறவிகள் போய்க் கதவைத் தட்டுவது அமெரிக்காவின் சியாட்டிலில், ஒரு வெள்ளைக்காரப் பையன் வீட்டில். பட்டியலில் வேறு இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஆனால் கேமரா யார் பின்னால் ஓடும் என்று நமக்குத் தெரியாதா? இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் அலைந்த கர்மத்துக்கு ஒருவழியாகக் கிரீன் கார்டு கிடைத்தது.

நாலு வருடம் கழித்து மார்ட்டின் ஸ்கார்செஸி, தலாய் லாமாவின் இளமைக் காலத்தை 'குண்டுன்' என்று எடுத்தார். வெளியிட்டது டிஸ்னி. சீனா முறைத்தது. 1998இல் டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னர் பெய்ஜிங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஆசையே துன்பத்துக்கு வேர் என்றவரின் வழிவந்தவர்களைப் பற்றிப் படம் எடுத்துவிட்டு, ஆசைப்பட்ட சந்தை கைநழுவிப் போகிறதே என்று அந்தக் கம்பெனி பட்ட துன்பத்துக்குப் போதி மரத்தடியிலும் மருந்தில்லை. 2016இல் ஷாங்காயில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அதே வருடம் டிஸ்னியின் மார்வல் எடுத்த 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' படத்தில், மூலச் சித்திரக்கதையில் திபெத்தியக் கிழவராக இருந்த குரு, மொட்டையடித்த வெள்ளைக்காரப் பெண்மணியாக மறுபிறவி எடுத்திருந்தார்.

தாய்லாந்தில் அபிசாட்போங் வீரசேதகுல் எடுத்த படத்தில் ஒரு துறவி கிதார் வாசிக்கிறார், வேறு துறவிகள் ரிமோட் பொம்மையைப் பறக்கவிட்டு விளையாடுகிறார்கள். தணிக்கைக் குழு வெட்டச் சொன்னது. அவர் வெட்டுப்பட்ட இடங்களில் சத்தமில்லாத கறுப்புத் திரையை ஓடவிட்டுப் படத்தைக் காட்டினார். அவ்வளவு நல்ல தியானக் காட்சியை எந்தத் தணிக்கைக் குழுவும் இதுவரை இயக்கியதில்லை. சீனாவில் 1982இல் 'ஷாவொலின் டெம்பிள்' வந்தது. ஜெட் லீ பறந்து பறந்து அடித்தார், துறவிகள் நாய்க்கறியைச் சுவைத்தார்கள், கூட்டம் மலையேறியது, மடம் வியாபாரமானது. அந்த மடத்தை உலக பிராண்டாக்கிய மடாதிபதி மீது பணக் கையாடல் விசாரணை வந்து, 2025இல் அவருடைய துறவுச் சான்றிதழையே பிடுங்கிக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரனையும் சீனனையும் தாய்லாந்துக்காரனையும் பார்த்துச் சிரித்தாயிற்று. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சிம்பாங் ரெங்கம், மலேசியாவின் ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெயர்ப்பலகையில் மட்டும் படிக்கிற ஊர். சுற்றிலும் செம்பனை, அன்னாசி. இங்குள்ள தமிழரிடம் புத்தரைப் பற்றிக் கேட்டால், "அது சீனன் சாமி லா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். புத்தருக்குரிய வெசாக் திருநாள் என்றால் அவருக்குப் பொது விடுமுறை. காஞ்சிபுரத்தில் பௌத்த மடங்கள் இருந்ததோ, ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியதோ, அந்த அரசன் கையில் இருந்த கடாரம் இன்றைய கெடாதான் என்பதோ அவருக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லவில்லை, கோயில் தலைவர் சொல்லவில்லை.

2011 தீபாவளிக்கு சினிமா சொன்னது. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்த 'ஏழாம் அறிவு'. காஞ்சிப் பல்லவ இளவரசன் போதிதர்மன் சீனாவுக்குப் போய் நோயை விரட்டி, சண்டை கற்றுக்கொடுத்து, நஞ்சு கலந்த சோற்றைத் தெரிந்தே உண்டு அங்கேயே புதைகிறான். தவுக்கே என்ற சீன முதலாளியின் கடையில் சம்பள முன்பணம் கேட்டுத் தலை குனிந்து நின்றவர் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். குங்ஃபூவே நாம் போட்ட பிச்சை! சீனனின் சாமி ஒரே இரவில், ஐந்து வெள்ளி டிவிடியில், நம்ம ஆளாகிவிட்டார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அன்றைக்கு வேறு எந்தப் படத்துக்கும் மரியாதை இல்லை.

சரித்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டு அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் கெடுக்கிறேன். போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய குறிப்பு 547ஆம் ஆண்டுச் சீன நூல் ஒன்றில் இருக்கிறது. அது அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்பது இன்னொரு பழைய குறிப்பு. பல்லவர் என்ற பட்டம் மிகவும் பின்னால் ஒட்டியது. குங்ஃபூவோ, 17ஆம் நூற்றாண்டுச் சீனப் புத்தகம் ஒன்று கட்டிவிட்ட உறவு. போதிதர்மர் பெயரால் சீனர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் கதை வேறு. ஏராளமான விகாரங்களைக் கட்டிக்கொடுத்த சக்கரவர்த்தி ஒருவர், இதில் எனக்கு எவ்வளவு புண்ணியம் என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போதிதர்மர் நடையைக் கட்டுகிறார். ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்காருகிறார். ஆனால் சுவரைப் பார்க்கிற கதாநாயகனுக்கு சண்டைப் பயிற்சியாளர் எதற்கு, சாட்டிலைட் உரிமையை யார் வாங்குவது? கோபுரம் கட்டிப் பெயர் பொறித்துக்கொள்கிற பெரிய மனிதர்களிடம் புண்ணியம் பூஜ்யம் என்று சொல்கிற போதிதர்மரை எந்தத் தமிழ்த் தயாரிப்பாளர் தொடுவார்? எங்கள் கோயில் நிர்வாகங்களும்தான் அந்தப் படத்துக்கு விளம்பரம் கொடுக்குமா?

இதுவரை வெறும் கேலி. கோபம் வருவது 'ஏழாம் அறிவு' படத்தின் இரண்டாம் பாதியில்.

கதாநாயகன் ஒரு சர்க்கஸ்காரன். அவனுக்குப் போதிதர்மனின் ஆற்றல் வருவது தியானத்தால் அன்று, படிப்பால் அன்று, பட்ட துன்பத்தால் அன்று. டி.என்.ஏ.யால்! பரம்பரை அணுவைத் தட்டி எழுப்பினால் பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தைய வித்தை எழுந்து வந்து உதைக்கும். பிறப்பால் ஒருவன் உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை, செய்கையால்தான் ஆகிறான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் புத்தர். அவர் பெயரை வைத்தே பிறப்பைத் திரும்ப விற்றுவிட்டார்கள், அதுவும் ஆய்வுக்கூடக் கோட்டு மாட்டி. போதாக்குறைக்கு, அதே படத்தில் இட ஒதுக்கீட்டைச் சிபாரிசோடும் லஞ்சத்தோடும் ஒரே வரிசையில் நிறுத்திப் பேசுகிற வசனம் ஒன்று. தமிழ்நாட்டில் சிலர் கொதித்தார்கள். இங்கே, சாதிக்கொரு லயம் இருந்த தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். ரத்தத்தில் இருக்கிறது என்ற பேச்சு யாருக்கு எதிராக எத்தனை நூற்றாண்டு பேசப்பட்டதோ, அவர்களே டிக்கெட் வாங்கி அதற்கு விசிலடித்தார்கள்.

சரி, அந்த ரத்தம் அன்றைக்குச் சிம்பாங் ரெங்கத்தில் எங்கே இருந்தது என்றும் பார்ப்போம்.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் நாட்டில் எத்தனையோ தமிழ்த் தாய்மாருக்கு அன்னாசி நினைவுக்கு வராது, முள்வேலி வரும். 1969 மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு பிறந்த அவசரகாலச் சட்டம் ஒன்று. போலீஸ் 60 நாள் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு உள்துறை அமைச்சர் ஒரு கையெழுத்தில் இரண்டு வருடம் அனுப்பலாம். அது முடிந்தால் இன்னொரு கையெழுத்து. குற்றப்பத்திரிகை வேண்டாம், சாட்சி வேண்டாம், நீதிபதி வேண்டாம். அப்படி வந்தவர்களை அடைத்து ஒழுக்கம் கற்பிக்கிற மையம் சிம்பாங் ரெங்கத்தில். உள்ளே இருந்தவர்களில் தமிழ்ப் பையன்கள் கணிசம். 2011 செப்டம்பர் 15 அன்று பிரதமர் நஜிப், இந்தச் சட்டமெல்லாம் போகப் போகிறது என்று அறிவித்தார். ஆறு வாரத்தில் தீபாவளி. அறிவிப்பு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மகனைப் பார்த்துவிட்டுப் போன அம்மாக்களுக்கு யாரும் டி.என்.ஏ. சோதனை செய்யவில்லை. செய்திருந்தால் பல்லவ அணு உள்ளே எத்தனை அறையில் அடைபட்டுக் கிடந்தது என்று தெரிந்திருக்கும். சூர்யா விமானத்தில் வந்து உதைத்துத் திறந்திருப்பாரோ என்னவோ.

ஐந்து வருடம் கழித்துத் தமிழ் சினிமா நிஜமாகவே மலேசியாவுக்கு வந்தது. பா. ரஞ்சித்தின் 'கபாலி'. கோட்டு சூட்டில் ரஜினி, சிறையிலிருந்து வெளியே வருகிற தமிழன், குண்டர் கும்பலில் கரைகிற தோட்டத்துப் பிள்ளைகள். நம் கதையை ஒருவர் தொட்டாரே என்று நிமிர்ந்தோம். முடிவைப் பார்ப்பவன் யூகத்துக்கு விட்டிருந்தார். மலேசியப் பிரதியில் அந்த யூகத்துக்கும் விலங்கு மாட்டினார்கள்: கபாலி போலீசில் சரணடைந்தார் என்று திரையில் எழுத்துப் போட்டார்கள். கற்பனைக் குண்டனைக்கூட வெளியே விடாத நாடு இது.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனை வென்ற கதை 2015இல் ஒரு படம். படையெடுத்து வந்த தமிழரிடமிருந்து துறவிகள் திரிபிடகத்தைக் காப்பாற்றுகிற கதை 2017இல் இன்னொன்று. போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு மனம் கலங்கிய துட்டகைமுனுவுக்கு, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் விலங்குக்குச் சமம் என்று அரஹந்தர்கள் ஆறுதல் சொன்னதாக மகாவம்சம் எழுதி வைத்திருக்கிறது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அந்த நாட்டில் அந்த அரசனைப் பெரிய திரையில் ஏற்றுவதற்குத் தனியாக ஒரு துணிச்சல் வேண்டும். போரில் செத்ததாகச் சொல்லி வந்த மகனின் சவப்பெட்டியைத் தோண்டித் திறக்கிற பார்வையற்ற சிங்களக் கிழவரைப் பற்றிப் பிரசன்ன விதானகே 1997இல் ஒரு படம் எடுத்தார். பெட்டிக்குள் கல்லும் வாழைத்தண்டும். அந்தப் படத்தைத் தடை செய்தார்கள், நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தது. துக்கம், அதன் காரணம், பொய்யைப் பற்றிக்கொள்ளாத மனம் என்று புத்தர் பேசிய எல்லாமே அதில் இருந்தது. சிலையும் புல்லாங்குழலும் இல்லாத குறைதான்.

தமிழில் புத்தரின் தலையைத் தேடியதும் ரஞ்சித்தான். 2024இல் வந்த 'தங்கலான்' கோலார் பொன்வயல் மண்ணில் நடக்கிறது, வெட்டுப்பட்ட புத்தர் சிலையும் அதில் வருகிறது. அந்தப் படம் மாயத்திலும் மண்ணிலும் உருண்டு பாதியில் மூச்சு வாங்குகிறது என்பது என் கட்சி. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்டது: தலையை வெட்டியது யார்? 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசர், தீண்டாமைக்கு ஆளானவர்கள் பழைய பௌத்தர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்த கேள்வி அது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்ட சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொல்ல, சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் ஒப்புக்கொண்டது. நம் ஊரில் புத்தர் தலை வெட்டப்பட்டு, முனியாகி, பூசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாம் அவரைக் காண சீனாவுக்கு சூர்யாவை அனுப்பினோம்.

இத்தனைக்கும் கையிலேயே கதை இருந்தது. மணிமேகலை. பிறப்பு இழிந்தவன் என்று திட்டியவர்களிடம், உங்கள் முனிவர்கள் பிறந்த கதையைச் சொல்லட்டுமா என்று திருப்பிக் கேட்ட ஆபுத்திரன் அதில் இருக்கிறான். அவன் கையிலிருந்த அமுதசுரபிப் பாத்திரம் ஒரு கணிகையின் மகளிடம் வருகிறது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேரே போகிற இடங்களில் ஒன்று சிறை. கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். சோழ அரசன் அவளை அழைத்து என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிறையை எடுத்துவிட்டு அங்கே அறச்சாலை அமையுங்கள் என்கிறாள். அவனும் அப்படியே செய்கிறான். இதற்கென்று ஒரு முழுக் காதையே காப்பியத்தில் உண்டு. உலகத்து பௌத்த சினிமா நூறு வருடமாகத் தேடியும் எழுத முடியாத திரைக்கதை இது. 1940இல் கே.பி. சுந்தராம்பாளும் 1959இல் பானுமதியும் மணிமேகலையாக நடித்தார்கள். அதற்குப் பிறகு பெரிய திரை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு 'ஏழாம் அறிவு' காட்டிய நோக்கு வர்மம் தெரியாது, சண்டை தெரியாது, பரம்பரை அணுவில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சோறு போடத் தெரியும், சிறையைத் திறக்கச் சொல்லத் தெரியும். இதற்கெல்லாம் இன்டர்வெல் பிளாக் எப்படி வைப்பது?

ஆகவே சென்னையிலிருந்து கோலாலம்பூர் வந்து, இரட்டைக் கோபுரத்துக்கு மேல் டிரோன் விட்டு, இரண்டு பாட்டு எடுத்துவிட்டுத் திரும்புகிற இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தெற்கே மூன்று மணி நேரம் காரில் வாருங்கள். மணிமேகலைக்கு செட் போட வேண்டியதில்லை, மதிலும் கம்பியும் தயார். தணிக்கைக்கு எழுத்துப் போட வேண்டிய தொல்லையும் இல்லை, ஏனென்றால் சிறை திறக்கிற காட்சியை இங்கே யாரும் நிஜம் என்று நினைக்கப் போவதில்லை. 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் போனது. 2013இல் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2014 முதல் விசாரணையில்லாமல் இரண்டு வருடம் அடைக்கிற அதிகாரம் அதன் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. முன்பு அமைச்சர் கையெழுத்துப் போட்டார், இப்போது ஒரு வாரியம் போடுகிறது.