உப்புத்தாளும் உப்புக்காற்றும்

ஐப்பசி பிறந்ததும் சென்னையில் மற்றவர்களுக்கெல்லாம் குடை நினைவுக்கு வரும், தீபாவளிச் செலவு நினைவுக்கு வரும். எங்களில் சிலருக்கு மட்டும் உப்புத்தாள் நினைவுக்கு வரும். பாய்ப்படகு ஓட்டுகிறவன் என்று மார்தட்டிக்கொண்டு நான் திரிந்த எண்பதுகளின் தொடக்கத்தில், கடலில் இருந்த நேரத்தைவிடக் கரையில் கவிழ்த்துப்போட்ட படகின் முதுகை அந்தத் தாளால் தேய்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்று, எந்தப் படகையும் தேய்க்க வேண்டாம் என்று ஆகிவிட்ட காலத்தில், அந்தத் தேய்ப்புக்காகத்தான் போனேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

துறைமுகத்துக்குள் இப்படி ஒரு விளையாட்டு நடப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. துறைமுகத் தலைவராக இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கிவைத்தார். அடுத்த வருஷமே அதே துரையின் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். அந்த மண்ணின் கணித மகிமை எங்கள்மேல் ஒட்டவில்லை என்பதற்கு, பிற்காலத்தில் அங்கே நாங்கள் போட்ட ஹேண்டிகேப் கணக்குகளே சாட்சி. நான் சேர்ந்த கிளப் எது என்று இங்கே சொல்லப்போவதில்லை; செயலாளர் என் நண்பர், இன்னும் சில வருஷம் நண்பராகவே இருக்கட்டும்.

பலவகைப் படகுகள் ஒரே பந்தயத்தில் ஓடினால், வேகமான படகுக்கும் மெதுவான படகுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்தந்தப் படகுக்கென்று குறித்திருக்கிற எண்ணால் வகுக்க வேண்டும். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில், ஈரக் கையோடு, ஆளுக்கொரு விடை வரும். பந்தயம் ஒரு மணி நேரம் என்றால் கணக்கு இரண்டு மணி நேரம், சண்டை இருட்டும் வரை. இப்போது படகு கோட்டைத் தாண்டிக் கரை சேர்வதற்குள் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. சண்டை போட விஷயமில்லாமல் எல்லோரும் சீக்கிரமே வீட்டுக்குப் போகிறோம். வீட்டில் யாரும் அதை முன்னேற்றமாகக் கருதுவதாகத் தெரியவில்லை.

அந்த நாளைய என்னை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய வெள்ளைத் தொப்பி, அதில் யாருடைய கடற்படை என்றே புரியாத ஒரு நங்கூரச் சின்னம், கக்கத்தில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஆங்கிலப் பாய்ப்படகு நூல். பின்பாதியைக் கரையான் எடுத்துக்கொண்டிருந்ததால் கரையை விட்டுப் புறப்படுவது எப்படி என்பதுவரை அதில் இருந்தது, திரும்பி வருவது எப்படி என்பது இல்லை. (1985-இல் மூர் மார்க்கெட்டே எரிந்துபோனது, மீதிப் பாதியைத் தேடிப் பார்க்கவும் வழியில்லை.) 1982 ஆசிய விளையாட்டில், பம்பாய்க் கடலில், ஃபயர்பால் வகுப்பில் ஃபரூக் தாராப்பூரும் ஜரீர் கரஞ்சியாவும் தங்கம் வாங்கிய செய்தி பேப்பரில் வந்தபோது, அதில் ஒரு சிறு பங்கு எனக்கும் சேர வேண்டும் என்ற முகத்தோடு ஒரு வாரம் கல்லூரிக்குப் போனேன். நீலப் பாய் விரித்த எங்கள் எண்டர்பிரைஸ் படகை நான் சாய்த்து ஓட்டும் அழகை மெரினாவில் காற்று வாங்க வந்த பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் ஒரு நம்பிக்கை. நடுவில் இருந்த அலைதடுப்புச் சுவரை அந்த நம்பிக்கை கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

உள்ளே போவது அப்போது எவ்வளவு சுலபம்! பீச் ஸ்டேஷனில் இறங்கி, டீ குடித்துவிட்டு, துறைமுக வாசலில் நின்றால், காவலுக்கு இருக்கிறவர் என் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் அனுமதிச் சீட்டு. 2004-இல் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபிறகு அடையாள அட்டை, அதன் நகல், நகலின் நகல், கைரேகை என்று வளர்ந்து, இன்று கடலைத் தொடுவதற்கு முன்னால் நான் யார் என்பதை ஒரு சிறு இயந்திரத்துக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உப்பிலும் கயிற்றிலும் தேய்ந்துபோன என் கட்டைவிரலை அது எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. விதிகளின் அவசியம் புரிகிறது. ஆனால், சிரித்து அனுப்பிய அந்த மனிதருக்கு என் பெயர்கூடத் தெரியாது, இந்த இயந்திரத்துக்கு என் ரத்த வகைவரை தெரியும்.

காற்றைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சித்திரை, வைகாசியில் தரை கொதித்ததும் கடல்காற்று உள்ளே வரும் என்பது சென்னையில் குழந்தைக்கும் தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்று அதை மறித்துக்கொண்டு நிற்கும். பாயை ஏற்றிவிட்டுப் பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். எங்களுக்குக் காற்று சொன்னவர் கிளப்பின் படகுகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர், வடக்கே ஒரு குப்பத்திலிருந்து வருகிறவர், கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவர். வானொலியில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கை முடிந்ததும் நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் துறைமுகத்துக் கொடிகளைப் பார்ப்பார், பிறகு தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். "பெரியவரே, எப்ப வரும்?" என்று நான் பறந்தால், "அவசரப்படாத தம்பி. காத்து இன்னா, உன் வூட்டு வேலக்காரனா, கூப்ட்டா வர்றதுக்கு?" என்பார். அந்தக் காத்திருப்பில்தான் நான் முடிச்சுப் போடக் கற்றேன், சீட்டாடக் கற்றேன், வெள்ளரிப் பிஞ்சை மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றபடி பேசாமல் உட்காரவும் கற்றேன். இப்போது 2.40-க்குக் காற்று வரும் என்று செயலி சொல்கிறது, பையன்கள் 2.35-க்குக் காரிலிருந்து இறங்குகிறார்கள், காற்றும் பெரும்பாலும் சொன்னபடி வந்துவிடுகிறது. நடுவில் இருந்த அந்தச் சோம்பேறித்தனமான மதியம் எங்கே போயிற்று என்று எந்தச் செயலியும் சொல்வதில்லை.

வாடை தொடங்கியதும் படகுகள் கரையேறும். "துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்க" என்று யாராவது ஓடிவந்து சொன்னால் போதும், பாய்மரங்களை இறக்கி, படகுகளைக் கவிழ்த்து, மணிலாக் கயிறு போட்டு, தரையில் அடித்த இரும்பு வளையங்களோடு பிணைப்போம். எத்தனையாம் எண் கூண்டு என்பதைப் பொறுத்து எத்தனை சுற்று என்று பெரியவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ராமானுஜனுக்குப் பிறகு அந்த வளாகத்தில் தப்பாத கணக்கு அது ஒன்றுதான் என்பது என் துணிபு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது எச்சரிக்கை எங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக, படத்தோடு, வண்ணத்தில், நாள்கணக்கில் முன்னதாகவே கிடைத்தது. அதைக் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினோம், கட்டைவிரல் உயர்த்தினோம். கயிறு கட்ட வந்தவர்கள் வழக்கமான நான்கு கிழவர்கள்.

மழை இரண்டு நாள் ஓய்ந்து வெயில் அடித்தால் அதுதான் எங்கள் திருவிழா. முதலில் பெரியவர் வருவார். கவிழ்ந்த படகின் மேல் குனிந்து, விரல் முட்டியால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போவார். டக், டக், டக் என்று வந்த ஓசை ஓரிடத்தில் பொத்தென்று கேட்கும். அங்கே நிறுத்தி, மறுபடி தட்டி, சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். அந்த இடத்தில் பிளைவுட் உள்ளுக்குள் ஊறி மக்கியிருக்கும். வட்டத்தை உளியால் எடுத்து, துண்டு வைத்து ஒட்டி, பட்டி பார்த்து, காய்ந்தபின் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நைசுத் தாள், எப்போதும் மரத்தின் ரேகை போகிற திசையில். குறுக்கே தேய்த்தால் கையைத் தட்டிவிடுவார். கடைசியில் வார்னிஷ். காலை ஈரம் போகுமுன் அடித்தால் பால்போல வெளுத்துவிடும். மதியக் காற்று வந்தபின் அடித்தால் தூசி ஒட்டும். நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் முழுப் படகையும் ஒரே கையாக முடிக்க வேண்டும். முடித்துவிட்டு நிமிரும்போது, கிழக்கே நிலக்கரி இறக்குகிற தளத்திலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு மேகம் வந்து, இன்னும் காயாத வார்னிஷில் புள்ளி புள்ளியாக அமரும். "வுடு தம்பி, திருஷ்டிப் பொட்டு" என்பார் பெரியவர்.

அந்தக் கரித்தூள் இல்லாத ஞாயிறு எங்களுக்கு இல்லை. வெள்ளைப் பாய் என்று விலைகொடுத்து வாங்குவோம், ஆறு மாதத்தில் அது சாம்பல் பாய். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் 2011-இல் நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. பாய்கள் வெளுத்தன, நுரையீரல்களும் நன்றி சொல்லியிருக்கும். ஆனால் நாங்கள் முழுதாக மகிழ முடியவில்லை; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக் கார்களை ஏற்றிப்போக ஜன்னலில்லாத பல மாடிக் கட்டடம் மாதிரிக் கப்பல்கள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன. அதில் ஒன்று தளத்தில் கட்டியிருந்தால் அதன் மறைவில் பாய் துவண்டு தொங்கும், நடுத் துறைமுகத்தில் படகு அசையாமல் நிற்கும். பழைய காலத்தில் காற்று இருந்தது, பாய் கறுப்பு. இன்று பாய் வெள்ளை, காற்றைக் கப்பல் மறைக்கிறது. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் யோகம் எங்கள் ஜாதகத்தில் எழுதப்படவில்லை.

மாறாதது என்று ஒன்று உண்டென்றால் அது நல்ல தண்ணீர்ப் பஞ்சம். பாயையும் கப்பியையும் உப்புப் போகக் கழுவாவிட்டால் அடுத்த வாரம் கயிறு விறைத்துக் கப்பி சுற்றாது. சுற்றிலும் தண்ணீர், கழுவத் தண்ணீர் இல்லை. 1983 வறட்சியில் ஒரு பாய்க்கு ஒரு குடம் என்று பங்கீடு வைத்தோம். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது அதே பங்கீடு, குடத்துக்குப் பதில் குழாயில் ஒரு மீட்டர்.

படகுகள் இப்போது ஃபைபர். ஊறுவதில்லை, மக்குவதில்லை, தட்டினால் எங்கும் ஒரே ஓசை. லேசர் என்று நாங்கள் அறிந்த படகுக்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர்கூட மாறிவிட்டது. ஆப்டிமிஸ்ட் என்கிற சின்னத் தொட்டியில் உட்கார்ந்து எட்டு வயதுப் பிள்ளைகள், நாங்கள் தொழுதுவிட்டுப் போன திருப்பங்களைச் சாவகாசமாக எடுக்கிறார்கள். இதே துறைமுகத்துக் கோடைப் பயிற்சியில் தொடங்கிய நேத்ரா குமணன், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனை ஆனார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போய்வந்தார். எங்கள் காலத்துத் தொப்பிகள் அத்தனையும் சேர்ந்து அந்தத் தூரத்தைக் கற்பனைகூடச் செய்ததில்லை. ஆகவே, அந்தக் காலம் மாதிரி வருமா என்று நான் பெருமூச்சு விட்டால் நம்பாதீர்கள். வராமல் இருந்ததால்தான் இந்தப் பிள்ளைகள் எங்கேயோ போக முடிந்தது.

பராமரிப்பு மட்டும் ஒழியவில்லை, இடம் மாறிவிட்டது. படகுகளுக்கு இருந்த கோளாறுகளெல்லாம் இப்போது உறுப்பினர்களுக்கு. ஒருவருக்கு முழங்காலில் உலோகம், ஒருவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட், எனக்குத் தோளில் பட்டி பார்த்தது போல ஒரு தையல். வருஷா வருஷம் மழைக்கு முன் முழுப் பரிசோதனை செய்துகொள்கிறோம். மருத்துவர் முதுகில் தட்டும்போது ஓசை டக்கென்று வருகிறதா, பொத்தென்றா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

போன வருஷம் நிர்வாகக் குழு, மிச்சமிருந்த ஒரே மரப் படகை கிளப்பின் உணவு அறைக் கூரையில் தொங்கவிட்டு விளக்குப் போடுவதென்று தீர்மானித்தது. மழையில்லை, உப்பில்லை, தண்ணீரே இல்லை. இனி அதற்கு ஒரு வேலையும் இல்லை என்றார்கள். குளிர்சாதனக் காற்றுக்கு மரம் சுருங்கி வார்னிஷ் வெடித்துவிட்டது. ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுப் பொருளாளர் வாயடைத்துப்போக, நாங்கள் நான்கு பேர் இலவசமாகவே செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்: ஆண்டுதோறும் ஐப்பசியில், முழுப் படகும், முரட்டுத் தாளிலிருந்து தொடங்கி. ஓடுகிற காலத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வார்னிஷ் கண்ட படகு அது. தொங்குகிற காலத்தில்தான் வருஷம் தவறாமல் வேலை வைக்கிறது, அதுவும் ஏணிமேல் ஏறி. மருத்துவர் ஏணியே கூடாது என்றிருக்கிறார். அவரிடம் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.