தண்ணிய நிப்பாட்ட முடியுமா சார்?

ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று நுழைந்துவிட்டால் தென்காசிக்காரனுக்கு இரண்டு காரியங்கள் நிச்சயம். கொடியில் போட்ட துணி காயாது. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்களெல்லாம் போன் செய்வார்கள். “மாப்ளே, நல்லா இருக்கியா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?” என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் விஷயத்துக்கு வருவார்கள்: “தண்ணி விழுதா?”

எனக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிடப் பல மடங்கு. பட்டப்படிப்பை முடித்து, அரசுத் தேர்வு எழுதி, முடிவு வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் குற்றால அருவிக்கரையில் தற்காலிகக் காவல் பணியில் இருந்தேன். சீசன் வேலை. சாரல் தொடங்கும்போது சேர்த்துக்கொள்வார்கள், அருவி வற்றும்போது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு பிரம்பு, ராத்திரிப் பணிக்கு ஒரு டார்ச். இவ்வளவுதான் என் ஆயுதங்கள். பிரம்பு மனிதர்களை அடிப்பதற்கு அல்ல, குரங்குகளுக்குக் காட்டுவதற்கு. குரங்கு அதைப் பார்த்துக் கொட்டாவி விடும். காக்கிச் சட்டை சீசன் முழுக்கக் காயவே இல்லை. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஈரச் சட்டையோடு திரும்புவேன். என் அம்மாவுக்கு அதைத் துவைப்பதா பிழிவதா என்றே தெரியாது.

சேர்ந்தபோது மக்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நினைத்தேன். மக்கள் நினைத்தது வேறு. தண்ணீர் என் பொறுப்பு என்று அவர்கள் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். குறைவாக விழுந்தால், “என்ன சார், இதுக்கா மெட்ராஸ்ல இருந்து வேன் பிடிச்சு வந்தோம்?” என்று என்னைக் கேட்பார்கள். அளவுக்கு மீறி விழுந்து குளிக்கத் தடை போட்டால், “இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு எங்களுக்குத் தரமாட்டேங்கிறீங்களே” என்பதும் என்னிடம்தான். மலைக்குப் பின்னால் ஒரு பெரிய குழாய் இருப்பதாகவும், அதன் சாவி என் சட்டைப்பையில் கிடப்பதாகவும் பலர் உள்ளூர நம்பினார்கள். நன்றாகப் படித்த மனிதர் ஒருவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்:

“காலையில எத்தனை மணிக்குத் தண்ணி தொறந்து விடுவீங்க?”

“அது எப்பவும் தொறந்துதான் சார் கிடக்கு. ராத்திரியும் விழும்.”

“பராமரிப்புக்குக்கூட நிறுத்த மாட்டீங்களா?”

அவர் மேட்டூர் அணைப் பக்கத்துக்காரரோ என்னவோ. நான் இல்லையென்று தலையாட்டினேன். அரசாங்கத்தின் அலட்சியத்தை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

இந்தக் குழாய் நம்பிக்கை உச்சத்தைத் தொட்டது ஒரு பல் செட்டினால். பேரருவியில் ஒரு பெரியவர் குளிர் தாங்காமல் வாயைத் திறந்து “ஆ” என்றிருக்கிறார். அருவி உள்ளே புகுந்து கீழ்வரிசையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய மகன் ஈரத்துண்டோடு என்னிடம் ஓடி வந்தார்.

“சார், ஒரு அஞ்சு நிமிசம் தண்ணிய நிப்பாட்டுங்க. இங்கனதான் விழுந்திருக்கும், எடுத்திருதோம்.”

பின்னாலேயே பெரியவரும் வந்து என்னிடம் ஏதோ சொன்னார். பல் இல்லாததால் சொல்லில் எலும்பே இல்லை. கெஞ்சுகிறாரா, திட்டுகிறாரா என்று பிடிபடவில்லை. கையாட்டலைப் பார்த்தால் திட்டுதான். நான் பொறுமையாகப் பூகோளம் சொன்னேன். இது சிற்றாறு. இந்தத் தண்ணீர் ஊர் ஊராகப் போய் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. பல்லும் அந்த வழியில்தான் பயணம். மகன் யோசித்தார்.

“அப்போ சீவலப்பேரியில போய் நின்னா பிடிச்சிரலாமா?”

வேண்டாம் என்று தடுக்க எனக்கு என்ன அதிகாரம்? போய் நின்றாரா என்று தெரியாது. மோதிரம், கொலுசு, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு என்று அருவி வாங்கிக்கொள்ளாத பொருள் இல்லை. திருப்பித் தரும் பழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது.

குற்றாலத்தில் பேரருவியில் மனிதன் நிற்க முடிவதே ஓர் அதிசயம் என்பது பலருக்குத் தெரியாது. மேலே இருந்து அவ்வளவு தண்ணீரும் நேரே தலையில் இறங்கினால், குளியல் ‘காரிய’மாகிவிடும். நடுவே பொங்குமாகடல் என்று ஒரு பாறைப் பள்ளம் இருக்கிறது. மேலிருந்து வரும் வெள்ளம் முதலில் அதில் விழுந்து, கொந்தளித்து, கோபமெல்லாம் தணிந்த பிறகு நம் தலைக்கு வருகிறது. முன்னால் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் அதற்கு ஆர்ச் என்றுதான் பெயர். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் பள்ளம் தணித்தும் கோபம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரும் குளிக்கக் கூடாது. இந்த ஒரு விதியை அமல்படுத்துவதில்தான் என் தொண்டை போனது.

ஏனென்றால் அருவிக்கரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ‘நான் யார் தெரியுமா’ சாதி. ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பு உண்டு. கேட்பவருக்குப் பின்னால் கார் நிற்கும், டிரைவர் நிற்பார், சட்டைப்பையில் கார்டு இருக்கும். அருவிக்கரையில் அதே கேள்வியை ஒருவர் கோடு போட்ட அரை டிராயரோடு கேட்கிறார். பக்கத்தில் நிற்பவரும் அதே டிராயர். அட்டையைக் காட்டத் தன்னையறியாமல் நெஞ்சில் கை வைப்பார். அங்கே பை இருக்காது, ரோமம்தான் இருக்கும். “கார்டு கார்ல இருக்கு” என்பார். போய் எடுத்து வாருங்கள் என்றால் வரிசையில் இடம் போய்விடும். வரிசையை விட மனம் வராது. பதவியை வரிசை வென்றுவிடும். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் சமத்துவம் முழுமையாக நடைமுறையில் உள்ள இடம் குற்றாலம் பேரருவியின் ஆண்கள் பகுதி.

அடுத்த சண்டை சோப்பு. 2014-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ உபயோகித்துக் குளிக்கத் தடை போட்டது. நியாயமான தடை. ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்த அந்த மூலைத்துண்டு இருக்கிறதே, அது பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டால் நகத்தால் சுரண்டினாலும் வராது. எண்ணெய்ப் பாறையில் கால் வைத்தவர் நேரே மருத்துவமனைக்குப் போவார். ஆனால் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் பித்தம் இறங்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறவர்களிடம் தீர்ப்பைப் பற்றி என்ன பேச? நுழைவில் பையைச் சோதித்தால், “பை காலி சார்” என்பார்கள். பை காலிதான். ஷாம்பூ பாக்கெட் கைலி மடிப்பில் இருக்கும், கொண்டைக்குள் இருக்கும். ஒருமுறை கைக்குழந்தையின் தொப்பிக்குள் இருந்தது. குழந்தை மட்டும் என்னைப் பார்த்துக் குற்றவுணர்ச்சியோடு சிரித்தது.

ஒரு பாட்டியிடம் மட்டும் எனக்குப் பதில் இல்லாமல் போனது. கிண்ணத்தில் மாவு வைத்திருந்தார்.

“பாட்டி, இதெல்லாம் தேய்க்கக் கூடாது. கோர்ட்டுத் தடை இருக்கு.”

“சோப்புக்குத்தானல தடை? இது பயத்தமாவு. நீ தின்னுகூடப் பாக்கலாம்.”

சொன்னதோடு நிற்காமல் என் உள்ளங்கையில் ஒரு பிடி வைத்தார். கடமையில் இருக்கும் காவலாள் பொதுமக்களிடம் எதையும் வாங்கக் கூடாது. வாங்கியதை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் ஒரு குரங்கு வந்து அதைத் தட்டிவிட்டு, விரலை முகர்ந்து, ஏமாந்து, முறைத்துவிட்டுப் போனது. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிப் பெருமைப்படுத்திய குரங்குகளின் வாரிசுகள் இவை. அந்தக் குடும்பத்துக்கு இப்போது பழத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. மங்குஸ்தான் கடையைத் தாண்டிப் போய் சிப்ஸ் பாக்கெட்டைப் பறிக்கின்றன.

ராத்திரிப் பணி தனி ரகம். பேரருவியில் விளக்கு வெளிச்சத்தில் நடுநிசியிலும் கூட்டம் இருக்கும். பிரானூர் பார்டரில் வயிறு கொள்ளாமல் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, செரிப்பதற்காக அருவிக்கு வருவார்கள். குளித்ததும் மறுபடி பசிக்கும். பார்டருக்கே திரும்பிப் போவார்கள். இந்தச் சுழற்சியில் அருவிக்கும் பரோட்டாக் கடைக்கும் இடையே விடியும்வரை ஓடிக்கொண்டிருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தேனருவிக்கு வழி கேட்பவர்களும் ராத்திரியில்தான் முளைப்பார்கள். அனுமதி இல்லாத காடு என்று சொன்னால், “சும்மா பாத்துட்டு வந்திருதோம்” என்பார்கள். சும்மா பார்ப்பதற்கு அங்கே இருட்டும் மலைத்தேனீயும்தான் இருக்கின்றன என்று சொல்லி அனுப்புவேன்.

எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இத்தனை வருஷம் அருவிக்கரையில் இருந்தும் அருவியில் குளிக்க மாட்டார். சளி பிடிக்குமாம். வீட்டில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு, காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுக்குக்காப்பி குடிப்பார். எனக்கோ இவர் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று ஆத்திரமாக இருக்கும். ஒருநாள் மத்தியானம், நல்ல வெயில், கூட்டம் குதித்துக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்தார்.

“சத்தம் தடிக்குதுல. ஊது.”

எனக்கு ஒரு சத்தமும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. ஊதினேன். விசிலுக்குள் தண்ணீர் போயிருந்தால் அது ஊதாது, கொப்புளிக்கும். உதறிவிட்டு மறுபடி ஊதினேன். விசில் ஊதினால் கூட்டம் என்ன செய்யும் தெரியுமா? ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். ஊதியது அவருக்காகத்தான் என்று அவரவருக்குத் திட்டவட்டமாகத் தெரியும். அப்புறம், “இருங்க சார், தலை நனையட்டும்” என்பார்கள். ஒரு மணி நேரமாக அருவிக்கடியில் நிற்கிற தலை. கையைப் பிடித்து இழுத்துத்தான் கடைசி ஆளை வெளியே கொண்டுவந்தோம். முதலில் சருகும் சுள்ளியும் வந்தன. பிறகு மண் வாடை. பிறகு தண்ணீர் செம்மண் நிறமாகி ஆர்ச்சைத் தாண்டியது. சற்று முன் அவர்கள் நின்ற இடத்தில் கைப்பிடிக் கம்பிகூடத் தெரியவில்லை.

கீழே வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். சரிவு செங்குத்தானது, அங்கே பெய்த மழை கீழே வர நிமிஷங்கள் போதும். இதை அருவி இரைச்சலுக்கு மேல் கத்தி விளக்க முடியாது. விளக்கி முடிப்பதற்குள் வெள்ளம் வந்து தானே விளக்கிவிடும். 2024 மே மாதம், சீசன் தொடங்கும் முன்னாலேயே, பழைய குற்றால அருவியில் இப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. நான் அந்த வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. செய்தியைப் பார்த்த அன்று முழுக்க என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

அந்த மத்தியானம் வெளியே இழுத்துவிட்ட கூட்டம் எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கும் என்று நினைத்தீர்களானால் நீங்கள் சீசனுக்கு வந்ததில்லை. கால் மணி நேரம் வெள்ளத்தைப் பின்னால் வைத்துச் செல்ஃபி எடுத்தார்கள். அப்புறம் ஒருவர் என்னிடம் வந்து, “எப்போ சார் கொறைப்பீங்க?” என்றார். நான் அண்ணாச்சியைக் கைகாட்டினேன். அண்ணாச்சி ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டே, “மேல சொல்லிருக்கேன். பாப்போம்” என்றார். கேட்டவர் திருப்தியாகப் போய்விட்டார். அண்ணாச்சி வாங்குகிற சம்பளத்தைப் பற்றி அதன் பிறகு நான் யோசிக்கவில்லை.

செப்டம்பரில் தண்ணீர் கம்பியாக இளைத்தது. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தேர்வு முடிவும் ஒருவழியாக வந்து, இப்போது காய்ந்த சட்டை போட்டுக்கொண்டு கோப்பு பார்க்கும் உத்தியோகம். ஆனாலும் அருவிக்கரையில் இந்த வருஷமும் ஈரக் காக்கியோடு யாராவது ஒரு பையன் நிற்பான். அவனுக்காக உங்களிடம் சில விண்ணப்பங்கள். சோப்பு, ஷாம்பூ, பயத்தமாவு எல்லாவற்றையும் விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பல் செட் இருந்தால் கழற்றி வீட்டம்மாவிடம் கொடுங்கள். விசில் கேட்டால் பக்கத்து ஆளைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்குத்தான். முதலில் வெளியே வந்துவிடுங்கள். வந்த பிறகு அவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.