அலுப்பின் அசுவ மூலம்

எல்லாம் கண்டாயிற்று, இனிக் காண ஒன்றுமில்லை என்ற பாவனையில் நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விடும் கனவானை ஆங்கிலேயர் ‘ஜேடட்’ என்பர். இச்சொல்லின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவோர்க்கு, அது கனவானின் மாளிகையில் அன்றி, மாளிகைக்குப் பின்புறமுள்ள லாயத்தில் பிறந்தது என்பது புலனாகும். ‘ஜேட்’ என்பது உழைத்து ஓய்ந்த நோஞ்சான் குதிரை. பதினான்காம் நூற்றாண்டிலேயே சாஸர் என்னும் மகாகவி, கான்டர்பரிக்கு யாத்திரை போகும் பாதிரியார் ஒருவரை இத்தகைய குதிரைமேல் ஏற்றிவிட்டார். 1755-ல் டாக்டர் ஜான்ஸன் தம் அகராதியில் உற்சாகமற்ற குதிரை என்றும் வாடகைக் குதிரை என்றும் பொருளெழுதி அதன் குலத்தை ஊர்ஜிதம் செய்தார்.

ஒரே சொல்லைக்கொண்டு சித்தாந்தம் நாட்டலாகாது என்று பூர்வபட்சிகள் ஆட்சேபிப்பராயின், அவர்களுக்கு மேலும் இரு பிரமாணங்கள் உள. பலரும் சொல்லித் தேய்ந்த வாக்கியத்தை ‘ஹாக்னீட்’ என்பது, வருவோர் போவோர் யாவரும் ஏறி ஓட்டிய வாடகைக் குதிரையின் பெயரால் வந்த வழக்கு. எழுந்திருக்கவும் திராணியற்றவன் தன்னை ‘நாக்கர்ட்’ என்று சொல்லிக்கொள்வதோ, ஆயுள் முழுதும் வண்டியிழுத்த பிராணியை விலைக்கு வாங்கிக் கொன்று, தோலைத் தோற்கிடங்குக்கும் எலும்பை உரத்துக்கும் இறைச்சியை லண்டன் மாநகரத்துப் பூனைகளுக்குமாகப் பங்கிட்ட வியாபாரியின் தொழிற்பெயரோடு உறவுடையது.

ஆராய்ச்சியாளன் திகைத்து நிற்கும் இடம் இனித்தான் வருகிறது. குதிரை களைத்த காரணம் பிரத்தியட்சம்: அது இழுத்தது. கனவானோ இழுத்தவனல்லன், இழுக்கப்பட்டவன். 1834-ல் ஜோஸப் ஹான்ஸம் பேட்டண்ட் பெற்ற வண்டியிலேறி விருந்துக்கும், விருந்திலிருந்து நாடகத்துக்கும், நாடகத்திலிருந்து வீட்டுக்குமாகச் சுமக்கப்பட்டபின், உலகமே அலுத்துவிட்டதென்று பெருமூச்செறிந்தவன். டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் வரும் டெட்லாக் சீமாட்டி, ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமலே உயிர்போகும் அளவு சலித்துக்கொள்வது இதற்கு இலக்கியச் சான்று. ஆகவே, உழைத்த பிராணியின் பட்டத்தை உட்கார்ந்திருந்த பிராணி சுவீகரித்துக்கொண்டது என்பதே எமது சித்தாந்தம்.

மோட்டார் வந்து குதிரை விடுதலையடைந்த பின்னரும் இந்நியதி மாறவில்லை. நியூயார்க்கில் இலவச மருத்துவமனையொன்றில் சேவை செய்து செய்து ஓய்ந்துபோன ஊழியர்களின் நிலையை, ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் மனோதத்துவ நிபுணர் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் ‘பர்ன் அவுட்’ என்று வர்ணித்தார். மெய்யாகவே பாடுபட்டவர்களுக்காக எடுத்தாளப்பட்ட அச்சொல், இப்போது கோடை விடுமுறை கழித்துத் திரும்புவோர் வாயிலும் தாராளமாகப் புழங்குவதால், எமது சித்தாந்தத்தை நிலைநாட்ட இனிக் குதிரைகளைச் சாட்சிக்கு அழைத்துச் சிரமப்படுத்த வேண்டியதில்லை.