பெரியப்பாவின் பல்லும் புல்மோட்டை மணலும்

நாயாற்றுக் கரையில் வாடி போட்டிருக்கிற பெரியவருக்கு வயது 72. ஊருக்கெல்லாம் அவர் பெரியப்பா. வாயில் மிஞ்சியிருப்பவை 11 பற்கள். வளர்ந்த மனிதருக்கு 32 பல் என்பது கணக்கு. மிச்சம் 21 எங்கே என்று கேட்டால், வலையைத் தொலைத்தவர் போலக் கடலைக் காட்டுவார்.

அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. வலை பொத்தும்போது ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கியதும் தங்கூசி என்ற நைலோன் நூலை முன்பல்லில் கொடுத்து ஒரு கடி. இடுப்பில் கத்தி இருக்கும். ஆனால் அது மீனுக்காம். ஐம்பது வருடமாக இப்படிக் கடித்ததில் மேல் முன்பல்லின் நுனியில், தங்கூசி அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு குதை விழுந்திருக்கிறது. நூலைப் பல்லால் அறுக்கும் தையற்காரர்களுக்கும் இதே இடத்தில் இதே மாதிரித் தேய்மானம் வருவதைப் பல் வைத்தியர்கள் அறிவார்கள். பெரியப்பாவுக்கோ அது ஒரு பதக்கம். நண்டுக்கால், சோடா மூடி, முடிச்சு விழுந்த கயிறு எல்லாவற்றுக்கும் அந்த வாய்தான் ஆயுதப்பெட்டி.

பல் தீட்டும் முறையும் தனி. விடிய நேரத்தில் கரையில் குந்தியிருந்து ஈரமணலைச் சுட்டுவிரலில் தொட்டு, பாத்திரம் மினுக்குகிறவரின் மும்முரத்தோடு தேய்ப்பார்.

"கடையிலை விக்கிறதெல்லாம் கண்கட்டு வித்தை தம்பி. மணலுக்கு மிஞ்சின பற்பொடி இல்லை. காசுமில்லை."

சென்ற மாரியில் மணலையும் மிஞ்சி ஒரு கடைவாய்ப் பல்லுக் கொதி வந்தது. முதல் நாள் கராம்பு வைத்தார். அது தப்பில்லை, கராம்பில் உள்ள யூஜெனோல் நரம்பை மரக்கச் செய்யும், பல் வைத்தியர்களே தற்காலிக அடைப்புக்கு அதைப் பாவிக்கிறார்கள். ஆனால் கராம்பு வலியை நித்திரையாக்குமே தவிர ஓட்டையை அடைக்காது. மூன்றாம் நாள் உப்பு. ஐந்தாம் நாள் அயலார் சொன்ன, இங்கே எழுத முடியாத ஒன்று. ஏழாம் நாள் கன்னம் பணிஸ் போல வீங்க, இதை எழுதுகிறவர் அவரைப் பஸ்ஸில் ஏற்றி அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். எழுதுகிறவருக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

பல் வைத்தியர் ஓர் இளம்பெண்.

"எத்தினை நாளாக் கொதி, ஐயா?"

"இண்டைக்கு ஒரு கிழமை, டொக்டர்."

"பல்லு எதாலை தீட்டுறனீங்கள்?"

"மணலாலை."

டொக்டரின் கையில் இருந்த சின்னக் கண்ணாடி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு பாடம் தொடங்கியது. மனித உடம்பிலேயே கடினமானது பல்லின் வெளித்தோலான மிளிரி. கனியங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கும் கணக்கில் வைரம் 10, மிளிரி 5. கடற்கரை மணலில் உள்ள படிகக்கல் 7. அதாவது பெரியப்பா தினமும் பல்லை அரம் போட்டு ராவிக்கொண்டிருந்திருக்கிறார். எலும்பு முறிந்தால் பொருந்தும், தோல் கிழிந்தால் மூடும். மிளிரி போனால் போனதுதான், திரும்ப வளராது.

"ஒரு நாளைக்கு எத்தினை பிளேன்ரீ குடிப்பியள்?"

"கடலுக்குப் போற நாளோ, போகாத நாளோ?"

கடலுக்குப் போகாத நாளில் ஏழு என்று தெரியவந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. வாயில் இருக்கும் பக்ரீரியாக்களும் அந்தச் சீனியைச் சாப்பிட்டு அமிலம் விடும். எச்சில் அந்த அமிலத்தை ஆற்றி முடிக்க அரை மணித்தியாலம் வரை பிடிக்கும். எவ்வளவு சீனி என்பதோடு, எத்தனை தரம் என்பதும் பெரிய கணக்கு. ஏழு தேத்தண்ணி என்றால் அன்றைக்கு மூன்றரை மணித்தியாலம் வரை பல் அமிலத்தில் ஊறுகாய் போடப்படுகிறது. மணலும் சீனியும் முறை வைத்து வேலை செய்த பிறகும் 11 பல் நின்றதே அதிசயம் என்பது இந்தக் கட்டுரைக்காரரின் தீர்ப்பு.

பல்லைக் கழற்றுமுன் டொக்டர் நாக்குக்கு அடியிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பெரியப்பா வெற்றிலைக்காரர். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி: பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. பெரியப்பாவின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மட்டும் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

பல் வந்தது. காசு கேட்கவில்லை. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: மெத்தென்ற பிரஷ், புளோரைட் பற்பசை, காலையிலும் படுக்கமுன்னும் இரண்டு நிமிடம், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப் பிரஷ்.

பிரஷ்ஷைக் கையில் வாங்கிய பெரியப்பா அதன் தும்பை நகத்தால் சுண்டிப் பார்த்தார். "இது நைலோனெல்லோ?" தொழிலாளியின் கண் பிழைக்கவில்லை. நைலோன் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே பல் துலக்கும் பிரஷ்ஷாகத்தான், 1938 பெப்ரவரியில், அமெரிக்காவில். அதுவரை பிரஷ்களில் பெரும்பாலும் பன்றி உரோமம்தான் இருந்தது. வலைக்குப் போகுமுன்பே நைலோன் வாய்க்குள் போய்விட்டது. அப்படியென்றால் தான் ஐம்பது வருடமாக நைலோனால்தான் பல்லைத் தேய்த்து வந்ததாகப் பெரியப்பா வாதாடினார். அது தேய்த்தது உண்மை.

ஆவணியில் கனடாவிலிருந்து பெறாமகன் வந்தார். வாயைத் திறந்தால் ரியூப்லைற் போட்ட மாதிரி. ஹொக்கியில் போன பல் ஒன்றுக்குப் பதிலாக டைட்டேனியம் திருகாணியை எலும்பில் இறக்கி, மேலே சிர்க்கோனியாக் கிரீடம் வைத்திருந்தார்.

"என்ன விலை?"

சொன்னார். பெரியப்பா மனதுக்குள் அதைப் படகு எஞ்சினாக மாற்றிப் பார்த்துவிட்டு அமைதியானார்.

இந்தத் திருகாணிக்குச் சுவீடன் முயல்களிடம் நன்றி சொல்லவேண்டும். 1950களில் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் எலும்பு விடவில்லை. வேறொருவர் கருவி வீணாய்ப் போச்சென்று தலையில் அடித்திருப்பார். பிரோனெமார்க்கோ 1965இல் ஒரு நோயாளியின் தாடையில் டைட்டேனியத்தால் பல் நட்டார். 2006இல் அந்த நோயாளி இறக்கும்வரை பல் அசையவில்லை.

இனித்தான் மணல் கதை. நாயாற்றிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் கொக்கிளாய். களப்பின் வாயைத் தாண்டினால் புல்மோட்டை. அங்கே கடற்கரை கறுப்பு. உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கால் வைத்தவர் மறக்கமாட்டார். அந்தக் கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனியம். இரும்பை நீக்கினால் கிடைப்பது டைட்டேனியம் டயொக்சைட் என்ற பால்வெள்ளைத் தூள். பெயின்ற்றுக்கு வெள்ளை கொடுப்பதும் அதுதான், பல பற்பசைகளுக்கு வெள்ளை கொடுப்பதும் அதுதான். அதே மணலில் ரூட்டைல் இருக்கிறது. அதிலிருந்து டைட்டேனிய உலோகம் எடுக்கலாம். சிர்க்கோன் இருக்கிறது; அதிலிருந்துதான் சிர்க்கோனியா. மணலைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம், பல்லாகவும் பற்பசையாகவும் காசு கொடுத்து வாங்குகிறோம். கொக்கிளாய்ச் சனம் தங்கள் காணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து நிற்பது வேறு கதை. அது சிரிக்கிற கதையல்ல.

இதையெல்லாம் எழுதுகிறவர் சொல்லக் கேட்டதும் பெரியப்பா வாடிக் கம்பில் கையை ஊன்றி எழும்பினார்.

"அப்ப நான் மணலாலை தீட்டினது பிழை, இவர் மணலைப் பல்லிலை பூட்டினது சரியோ?"

பெறாமகனிடம் பதில் இல்லை. எழுதுகிறவர், காய்ச்சிச் சுத்திகரித்த மணல் வேறு, கரை மணல் வேறு என்று தொடங்கி, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் மாற்றம் வந்திருக்கிறது. தங்கூசி இப்போது கத்தரிக்கோலால் வெட்டுப்படுகிறது. பிளேன்ரீ நாலாகக் குறைந்திருக்கிறது. வாடியின் கூரைத் தடியில், தூண்டில் பெட்டிக்குப் பக்கத்தில், நீல நிறப் பிரஷ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. போன கிழமை போனபோது அதைக் காணவில்லை. பெரியப்பா அதை மண்ணெண்ணெயில் தோய்த்து எஞ்சின் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டதற்கு, பழசு தம்பி, மூண்டு மாதம் முடிஞ்சுது என்றார். சட்டைப் பையில் புதிய பிரஷ் உறை பிரிக்காமல் இருந்தது.