லயத்துப் பிள்ளைக்கு மோசே கதை

கேள்வி: என் 4 வயது மகளுக்கு மோசே கதையைப் படப் புத்தகமாக வரைந்து தர ஆசை. எகிப்தும் பார்வோனும் லயத்துப் பிள்ளைக்குப் புரியுமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியப்போகிறது, அம்மா! யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தில், பிசினும் கீலும் பூசிய நாணற்பெட்டியில் தாய் பிள்ளையை விட்டுப் போகிறாள். அக்கா தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறாள். விடிந்ததும் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விடப்படும் குழந்தைக்கு அந்தப் பக்கத்தை விளக்கவே வேண்டாம். 5ஆம் அதிகாரத்தில் பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்க மறுக்கிறான். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் போடும் மலையில் அது பெரியவர்களுக்கும் உறைக்கும்.

1854இல் தோட்டத் தமிழருக்கென்றே தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்திலிருந்து இக்கதைகள் இங்கே உலவுகின்றன. ஆகவே வெள்ளைக்கார முகங்களைப் பார்த்து வரையாதீர்கள். மோசேயின் அக்கா மிரியாமுக்கு உங்கள் மகளின் நிறத்தையே தீட்டுங்கள். தலைப்பிள்ளைகள் சாகும் பகுதி இந்த வயதுக்கு வேண்டாம், பிறகு சொல்லலாம். வனாந்தரத்தில் கிடைத்த உணவான மன்னாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அதிகம் பொறுக்கியவருக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் பொறுக்கியவருக்குக் குறையவுமில்லை. நம் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய கணக்கு அதுதான்.